வலை வீசாத நாற்பது அழைப்புகள்

யீ மோனுக்கு முனைவர் பட்டம் கிடைத்த அன்று, மாண்டலேயில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அவளுடைய அம்மா, வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் செய்தியைச் சொன்னாள். "என் பொண்ணு டாக்டராயிட்டா." மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து, "எதுக்கு டாக்டர்?" என்றார்.

"வௌவாலுக்கும் டால்பினுக்கும்."

"நல்லதாப் போச்சு. ரெண்டும் காய்ச்சல், தலைவலின்னு வந்து வாசல்ல நிக்காது. பொண்ணு நிம்மதியா இருக்கலாம்."

கடையே சிரித்தது. பின்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த யீ மோனுக்கு அந்த நிம்மதி என்ற சொல் முள்ளாகத் தைத்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கமுள்ள அவளுடைய ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒரு வரைபடம் உண்டு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, போகப் போகச் சரிந்து, வலப்பக்கம் தரையைத் தொட்டுவிடும் ஒரு கோடு. வாய்மொழித் தேர்வில் வெளிநாட்டுப் பரிசோதகர் அந்தக் கோட்டின்மேல் விரல் வைத்து, இது ஒன்றுக்கே பட்டம் கொடுக்கலாம் என்றார். அந்தக் கோடு சரிந்ததில் ஆற்றங்கரையில் ஒரு மனிதர் எதை இழந்தார் என்று ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

யீ மோன் கெட்டவள் இல்லை. அவளைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். விலங்கியல் துறையில் பத்து வருடம் பாடம் நடத்தியவள். கடையில் தப்பான பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தால்கூட, கொண்டுவந்தவன் மனம் நோகுமே என்று அதையே தின்றுவிட்டு வருகிறவள். எங்கள் பர்மாக்காரர்களுக்கு இது பிறவி வியாதி. முகத்துக்கு நேரே மறுக்க வராது; அடுத்தவர் சங்கடப்படுவார் என்று தோன்றினால் தொண்டையில் வந்த வார்த்தையும் திரும்பிப் போய்விடும். இந்தத் தாட்சண்யத்தை நாங்கள் பெரிய பண்பாடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். இதனால் விளைந்த நாசத்தை யாரும் கணக்கெடுத்ததில்லை.

முதலில் அவள் வௌவாலில்தான் தொடங்கினாள். வௌவாலும் டால்பினும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லாதவை. ஆனால் இரண்டும் சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்தே வழியையும் இரையையும் கண்டுபிடிக்கின்றன. தேடும்போது சத்தம் நிதானமாக விட்டு விட்டு வரும். இரை தட்டுப்பட்டதும் வேகமெடுக்கும். பிடிக்கப்போகிற கடைசி நொடியில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே 'கிர்ர்' ஆகிவிடும். அந்த 'கிர்ர்' பொய்த்துப்போனால், அதாவது இரை இருக்கிறது என்று நம்பி வந்து ஏமாந்தால், அடுத்த முறை தேடும் விதம் மாறுமா என்பதுதான் யீ மோனின் கேள்வி.

துறைக் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின்மேல் பொழுது சாய்கிற நேரத்தில் வௌவால்கள் பூச்சி பிடிக்க வரும். யீ மோன் கீழே நின்று சின்னக் கூழாங்கற்களை மேலே வீசுவாள். வௌவால் கல்லைப் பூச்சி என்று துரத்தி, கிட்டே வந்து, 'கிர்ர்' என்று பாய்ந்து, கடைசி நொடியில் தெரிந்துகொண்டு விலகிப் பறக்கும். நாற்பது தடவை ஏமாற்றினாள். நாற்பதாவது தடவையும் அது முதல் தடவையைப் போலவே நம்பி வந்தது. "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று அவள் வானத்தைப் பார்த்துக் கேட்டதாக மாணவிகள் துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

வழிகாட்டியான ஊ தெய்ன் லுவின் என்ற பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வௌவால் சரி. பல்லுள்ள திமிங்கில இனத்துல இதே சோதனை வேணும். நம்ம ஆத்துலதான் அந்த இனத்து டால்பின் இருக்கே. அங்கயும் நாற்பது தடவை. முப்பத்தொன்பதுன்னு கொண்டுவந்து நிக்காதே, கணக்கு தாங்காது. அடுத்த வருஷத்தோட உன் பதிவு முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

மாண்டலேக்கு வடக்கே ஐராவதி ஆற்றில் லெப்பான்ஜுன் என்று ஒரு மீனவ ஊர். அங்கே டால்பினும் மனிதனும் சேர்ந்து மீன் பிடிப்பார்கள். மீனவர் படகின் ஓரத்தில் ஒரு சின்ன மரக்குச்சியால் தட்டி, தொண்டைக்குள்ளே நாக்கை உருட்டி ஒரு ஒலி எழுப்புவார். டால்பின் வந்து, மீனை வளைத்து ஓட்டிக்கொண்டு படகுப் பக்கம் சேர்க்கும். பிறகு வாலைத் தூக்கிக் காட்டும். அந்த இடத்தில் வீச்சுவலை விழும். வலைக்குத் தப்பி மிரண்டு சிதறுகிற மீன் டால்பினுக்கு. இதில் எழுதாத விதி ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டால் வலை வீச வேண்டும். வலை கிழிந்து கிடக்கிற நாளில் அந்தக் குச்சியைப் படகில்கூட வைக்கமாட்டார்கள். கை மறதியாய்த் தட்டிவிடுமோ என்று வீட்டுக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடுவார்கள்.

அந்த ஊரில் பா தின் என்று ஒரு மீனவர், நாற்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு, கை நிதானம். முதுகில் தழும்புள்ள ஒரு பெண் டால்பின் பதினைந்து வருடமாக அவருடைய தட்டலுக்குத்தான் முதலில் வரும். கூடவே இன்னும் இரண்டு வரும். ஊரில் அதைத் தழும்புக்காரி என்பார்கள். அதற்குத் தனியாக வேறு பேர் வைத்திருந்தாரா என்று அவரிடம் கேட்டால், "அவ" என்பார். மா தான் நு என்ற அவருடைய மனைவிக்கு இதில் தீராத கேலி. "அவன்னு சொன்னா என்னையா, அதையான்னு எனக்கே குழம்பும் ஸயாமா" என்று யீ மோனிடம் முதல் நாளே சொன்னாள். ஸயாமா என்றால் எங்களுக்கு டீச்சரம்மா. அந்தச் சொல்லை ஒருவர்மேல் போட்டுவிட்டால் பிறகு அவர் கேட்டதை மறுப்பது லேசில்லை.

யீ மோன் கேட்ட நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரையில் பாய் விரித்து, ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் வைத்து, வெறுந்தேநீர் ஊற்றியிருந்தார்கள். அவள் சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். தழும்புக்காரியை நாற்பது தடவை கூப்பிட வேண்டும். வந்து வாலைக் காட்டினாலும் வலை வீசக் கூடாது. அது என்ன சத்தம் போடுகிறது என்று அவள் தண்ணீருக்குள் மைக் இறக்கிப் பதிவுசெய்துகொள்வாள். காலைக்கு ஒரு தடவை, ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அவர் பிழைப்புக்குத் தூண்டில் போட்டுக்கொள்ளலாம், படகுக்கும் அவருக்கும் நாள்கூலி உண்டு.

பா தின் தேநீர்க் கோப்பையை விரலால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

பதிலுக்கு மா தான் நு சிரித்துக்கொண்டே பேசினாள். "எங்க வீட்டுல ஆளைக் கூப்பிட்டுட்டுச் சோறு போடாம அனுப்புற பழக்கம் இல்லையே ஸயாமா."

"நீ சும்மா இரு" என்றார் பா தின். "ஸயாமா படிப்புக்காகக் கேக்குறாங்க. ஆகட்டும் ஸயாமா, செஞ்சிடலாம்."

யீ மோனும் சிரித்தாள். வெளியூர்க்காரி யாராவதாக இருந்திருந்தால் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்ததை மன்னிக்கலாம். யீ மோன் இதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். எங்களவர்கள் வேண்டாம் என்பதைச் சிரிப்பில் பொதிந்துதான் தருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தது. அந்தச் சிரிப்புக்குள் இருந்தது அவளுக்கு நன்றாகவே கேட்டது. சிரிப்பாகவே எடுத்துக்கொள்வது வசதியாக இருந்ததால் அப்படி எடுத்துக்கொண்டாள்.

மார்கழிக் குளிரில், மூடுபனி கலைகிற நேரத்தில் வேலை தொடங்கியது. பா தின் தட்டுவார். ஐந்தாறு நிமிடத்தில் ஹெட்போனில் தூரத்துச் சத்தம் கேட்கும், டக், டக் என்று. வரவர நெருங்கும். தழும்புக்காரி மீனைச் சேர்த்துக்கொண்டு வந்து, 'கிர்ர்' என்று வட்டமடித்து, வாலைத் தூக்கிக் காட்டும். பா தின் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வால் இன்னொரு தரம் எழும். அப்போது அவர் வேறு பக்கம் பார்ப்பார். யீ மோன் நேரத்தைக் குறித்துக்கொள்வாள்.

பதினோராவது முறை ஹெட்போனில் புதுசாக ஒன்று கேட்டது. தழும்புக்காரி மீனை விட்டுவிட்டுப் படகை நோக்கிச் சத்தம் அனுப்பியது. மேலிருந்து கீழாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, படகைத் தடவிப் பார்த்தது. வலை இருக்கிறதா, ஆள் அதே ஆள்தானா என்று சோதித்ததோ என்னவோ. யீ மோனுக்கு உடம்பு சிலிர்த்தது. வௌவால் நாற்பது தடவையில் செய்யாததை இது பதினொன்றில் செய்துவிட்டது. அன்று மாலை பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவளுடைய குரல் பள்ளிக்கூடப் பெண்ணின் குரலாக இருந்தது.

பதினெட்டில் அரை மணி தாமதமாக வந்தது. இருபத்து மூன்றில் வந்தது, ஆனால் மீனை ஓட்டவில்லை. ஒரு சத்தமும் போடாமல் எட்டி நின்று மூச்சு மட்டும் விட்டுவிட்டுப் போனது.

அது போன திசையைப் பார்த்தபடி பா தின் தொண்டையைச் செருமினார். "ஸயாமா, ஒரு தடவை மட்டும் வலை போட்டுக்கட்டுமா? இன்னைக்கு ஒரு நாள்."

ஒரு பர்மாக்காரர், அதிலும் பா தின் மாதிரி ஒருவர், வாய் விட்டு இவ்வளவு கேட்டார் என்றால் அது கூக்குரல் போட்டதற்குச் சமம். யீ மோன் பதிவேட்டை மூடவில்லை. இடையில் ஒரு தடவை வலை விழுந்தால் அதுவரை செய்த இருபத்து மூன்றும் வீண். பதிவு முடிகிற தேதி தலைக்குமேல் தொங்கியது.

"கலந்துட்டா எல்லாம் கெட்டுப்போயிடும் அண்ணே. இன்னும் பதினேழுதானே" என்றாள்.

"ஆமா, பதினேழுதான்" என்றார் அவர்.

அதற்குப்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொன்றிலிருந்து தழும்புக்காரி வரவே இல்லை. மிச்சம் பத்துக் காலைகள் அவர் வெறும் ஆற்றைப் பார்த்துத் தட்டினார், அவள் வெறும் ஆற்றைப் பதிவுசெய்தாள். நாற்பதாவது நாள் மா தான் நு அவளுக்கு வழிச்சோறு கட்டிக்கொடுத்து, "கவலைப்படாதீங்க ஸயாமா, வலை விழுந்தா வந்துடும்" என்றாள். யீ மோன் அதை நம்ப விரும்பினாள், அதனால் நம்பினாள்.

ஆய்வேட்டை எழுதிய மாதங்களில் நாலைந்து தடவை தொலைபேசியில் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பா தின், "வருவா ஸயாமா, நீங்க எழுதுங்க" என்றார். வந்தாள் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய அன்று காலையில்கூட அதையேதான் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் யீ மோன் லெப்பான்ஜுனுக்குப் போனாள். ஆய்வேட்டின் ஒரு பிரதியும், மாண்டலே கடையில் வாங்கிய கேக்கும், பழைய மைக் பெட்டியும் கையில். பா தின் வீட்டில் இல்லை. மா தான் நு கேக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அவர் கேட்டா சண்டைக்கு வருவார். இருந்தாலும் சொல்றேன். அது கீழ் வளைவுல மத்த படகுக்கெல்லாம் போகுது ஸயாமா. இவர் படகுக்கு மட்டும் ஒரு வருஷமா வரல. இப்பல்லாம் கூப்பிட்டா வருதோ இல்லையோ, வலையை வீசிடுறார். வெறுந்தண்ணியில. ஊர்ல சிரிக்கிறாங்க."

யீ மோன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். பேருந்தில் வரும்போதே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். பா தின் வந்து, கை கால் கழுவி, "டாக்டர் ஸயாமாவா, வாங்க வாங்க" என்று முகமெல்லாம் மலர்ந்து ஆய்வேட்டை இரண்டு கையாலும் வாங்கித் தலைக்குமேல் தூக்கி வணங்கியபோது அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"அவ வர்றதில்லையாமே அண்ணே" என்று மட்டும் கேட்டாள்.

"இவ சொன்னாளா? அது ஒண்ணுமில்ல. போன வெள்ளத்துல நடுவுல மணல் திட்டு விழுந்துடுச்சு. என் சத்தம் அவளுக்கு எட்டல. கேட்டா வராம இருப்பாளா?" அவர் மைக் பெட்டியைப் பார்த்தார். "ஸயாமா, அதைத் தண்ணியில இறக்கிக் கேட்டுச் சொல்றீங்களா? நான் தட்டுற இடத்துல அவ இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சா போதும். மணல் அள்ளுற படகுல ஆள் கேக்குறாங்க. இருக்கான்னா நான் இன்னும் தட்டிப் பாப்பேன். இல்லன்னா அந்த வேலைக்குப் போயிடுவேன்."

அவர் அவளிடம் கேட்ட இரண்டாவது உதவி அது.

மறுநாள் காலை போனார்கள். பா தின் படகை மணல் திட்டுக்கு அந்தப்பக்கமே கொண்டுபோய் நிறுத்தினார். வலையை மடித்துக் கையில் தயாராகப் போட்டுக்கொண்டு தட்டினார். யீ மோன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரம் தண்ணீரின் இரைச்சல்தான். பிறகு அது வந்தது. டக், டக் என்று நிதானமாக, இடப்பக்க ஆழத்திலிருந்து. ஒரு வருடம் இரவும் பகலும் கேட்டுக் கேட்டு எழுதிய சத்தம். ஆயிரத்தில் அவளுக்கு அடையாளம் தெரியும். சத்தம் படகின் அடியில் ஊர்ந்தது. முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை. பா தினை, அவளை, மைக்கை, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தது. பிறகு நின்றுவிட்டது. தண்ணீர்மேல் ஒரு சுழிப்புகூட இல்லை.

பா தின் தட்டுவதை நிறுத்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்காளா ஸயாமா?"

இருக்கிறாள் என்று சொல்லலாம். உங்கள் சத்தம் கேட்டது, படகு யாருடையது என்றும் தெரிந்தது, தெரிந்துதான் வரவில்லை. அப்படி ஆக்கியவள் நான். அதோடு இன்னொன்றும் சொல்லலாம்: வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட பிராணி இரண்டு தடவை தடவிப் பார்க்காது, இன்னும் கொஞ்ச நாள் வலையோடு கூப்பிடுங்கள் என்று. ஏறக்குறைய இதே பொருளில் ஒரு வாக்கியம் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் பின்பாதியைச் சொல்ல முன்பாதியைச் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கும்போது அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்ததுமே வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

"இல்ல அண்ணே" என்றாள். "இங்க இல்ல."

பா தின் மூச்சை நீளமாக விட்டார். குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவருடைய முகம் அவள் பயந்த மாதிரி இல்லை. பாரம் இறங்கிய முகமாக இருந்தது.

"அப்ப சரி ஸயாமா. இருந்தும் வரலைன்னாத்தான் தாங்கியிருக்க மாட்டேன். மணல் படகுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்."

வலையை அவிழ்த்துப் படகின் அடித்தளத்தில் பரப்பிவிட்டு, துடுப்பை எடுத்துப் படகைத் திருப்பினார். மைக்கை மேலே இழுக்க யீ மோனுக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. மணல் திட்டைத் தாண்டும்போது ஹெட்போனில் மறுபடியும் கேட்டது. பின்னாலிருந்து, மெதுவாக, படகின் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பா தின் முதுகைக் காட்டியபடி, மணல் படகில் மதியச் சோறு அவர்களே போட்டுவிடுவார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உம் கொட்டினாள். கரை சேர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.